எங்க வீடு

மகள் அம்மாவிடமே இருக்கட்டும், அப்பாவுக்கு ஞாயிறு மட்டும் என்று தீர்ப்பு வந்ததிலிருந்து தையற்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பீல் போடலாமா வேண்டாமா என்று வக்கீல் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று அவர் வீட்டுக்கு வந்த மகள், பட்டன் டப்பாவைக் கொட்டி விளையாடியபடி, “அப்பா, எங்க வீட்டுல பூனை குட்டி போட்டிருக்கு” என்றாள்.

எங்க வீடா? அப்போ ‘நம்ம வீடு’ எங்கே போய்த் தொலைந்தது? அவருக்குச் சுருக்கென்றது. அப்பீல் போட்டே தீருவது என்று வக்கீலை அழைக்க போனை எடுத்தார். எடுத்த கையிலேயே அது அடித்தது. மகளின் அம்மா.

மகள் பிடுங்கிக்கொண்டாள். “அதுக்குள்ள ஏம்மா? எங்க வீட்டுல இன்னும் விளையாடியே முடிக்கல!”

அவர் போனைத் திரும்ப வாங்கியபோது, “எங்க வீடா?” என்றாள் மறுமுனையில் அவள்.

“நான் அப்பீல் போடல” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “உனக்கும் சுருக்குன்னுச்சா?”