மூன்றாம் அடுக்குப் பெட்டியின் எண்

கண்ணில் கோளாறு என்பதை ஆறு வருடம் மறைத்து வேலை பார்த்த சித்தார்த், அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொலைத்தான்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. பெட்டிகள் மூன்று நான்கு அடுக்காக நிற்கும். கீழே நின்று எண்ணைப் படித்து எழுதுவது அவன் வேலை. அவன் பார்வையின் நட்ட நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. ஒருவர் முகத்தைப் பார்த்தால் முகம் போய்விடும், காது இரண்டும் மிஞ்சும். கூட வேலை பார்த்த தப்ரேஸ் மேலடுக்கு எண்களைச் சொல்வான், சித்தார்த் எழுதுவான். தப்ரேஸுக்கு எழுத்து வேலை எட்டிக்காய். இரண்டு அரை ஆட்கள் சேர்ந்து வேலை முழுதாக நடந்தது.

வீட்டில் பஸ் நம்பர், மாத்திரை அட்டை, கரண்ட் பில் எல்லாம் மனைவி எழில்மொழி படித்துச் சொல்வாள். அவள் செத்துப் பதினான்கு மாதம். தலைவலிக்கு வேறு எதற்கோ உள்ள மாத்திரையை விழுங்கி இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்த பிறகு, சித்தார்த் பெரம்பூரில் இருந்த பார்வை மறுவாழ்வு மையத்துக்குப் போனான்.

குறை சொல்லக் கூடாது, நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். "முகம் தெரியணும்னா நேரா பாக்காதீங்க. காதுக்குப் பக்கத்துல பாருங்க" என்றாள் பயிற்சியாளர் ஜூடி. பார்த்தான். பல வருடம் கழித்து ஒரு மனித மூக்கு தெரிந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு தொலைநோக்கி கொடுத்தார்கள். படிக்க, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. கையெழுத்துப் போட, நடுவில் நீளத் துளை வெட்டிய கறுப்பு அட்டை. துளைக்குள் பேனாவை ஓட்டினால் எழுத்து கோட்டை விட்டு ஓடாது. எல்லாம் இலவசம். கூடவே ஒரு அறிவுரையும் இலவசம்: "மறைக்காதீங்க. மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. புரிஞ்சுப்பாரு."

ஜூடி எந்த யார்டிலும் வேலை பார்த்தவள் இல்லை.

சித்தார்த் மையத்தின் கடிதத்தையும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் மேனேஜர் லட்சுமணன் மேசையில் வைத்தான். படித்தவன் முட்டாள்தனம் செய்தால் அதற்கு நகலும் எடுத்து வைப்பான்.

லட்சுமணன் உருகிவிட்டார். "அய்யோ தம்பி! இத்தினி நாளு எப்புடிப்பா சமாளிச்ச? இனிமே யார்டுல கால் வெக்காத."

"இப்பதான் சார் நல்லா தெரியுது."

"பேசாத. கேட்டாண்ட குந்து. விசிட்டர் பாஸ் குடு. அதே சம்பளம்."

டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தது. கம்பெனியில் அவனுக்கு மாலையும் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலும் வாங்கி வைத்திருந்தார்கள். நடப்பதற்கு அவனுக்கு ஓரப் பார்வையே போதும், கோல் தேவையில்லை. "போட்டோவுக்கு மட்டும்பா" என்றார் லட்சுமணன். பிடித்துக்கொண்டு நின்றான். நோய்கூட அவனை இவ்வளவு குருடாக்கியதில்லை.

தப்ரேஸ் கேட்டுக்கு வந்தான். "இன்னா மாமு, மாலையெல்லாம் பலமா கீது! உன் எடத்துல பகலவன்னு ஒர்த்தன சேத்துகிறாங்க. திங்கக்கெயமைலேருந்து பர்மனென்டாம். ரெண்டு கண்ணும் சோக்கா கீது, நம்பர்தான் தப்பு தப்பா எய்துறான்."

கேட் நாற்காலியில் எட்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் எழில்மொழி வந்துவிடுகிறாள். பெட்டி எண்களுக்கு நடுவே அவளுக்கு இடமில்லை. சித்தார்த்துக்கு யார்டு வேண்டும்.

சனிக்கிழமை காலை லட்சுமணனை விடாமல் நச்சரித்து யார்டுக்குள் அழைத்துப் போனான். மூன்றாம் அடுக்கில் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு பெட்டி. பகலவன் அண்ணாந்து பார்த்து எழுதினான். சித்தார்த் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, நிதானமாகப் படித்து எழுதினான். பகலவன் மூன்று என்று எழுதிய இடத்தில் அவன் எட்டு என்று எழுதியிருந்தான்.

பெட்டி எண்ணின் கடைசியில் கட்டம் போட்ட ஓர் இலக்கம் உண்டு. முன்னால் உள்ளதைத் தப்பாகப் படித்தால் அந்த இலக்கத்தோடு கணக்கு ஒத்துவராது. ஆபீஸ் கம்ப்யூட்டர் பகலவன் எண்ணைச் சிவப்பாகக் காட்டியது. சித்தார்த் எண்ணை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

சித்தார்த் லட்சுமணனின் காதோரம் பார்த்தான். முகம் சுருங்குவது துல்லியமாகத் தெரிந்தது. மறுவாழ்வின் பயன்களில் அதுவும் ஒன்று.

"அப்போ உனுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. சர்டிபிகேட்டு டுபாக்கூரா?"

"ரெண்டும் நெசம் சார்."

"அதெப்புடி? ஒண்ணு குருடு, இல்லாங்காட்டி நல்ல கண்ணு. ரெண்டுங்கெட்டானா இன்னாடா ஒரு கண்ணு?"

"அந்தக் கண்ணுதான் சார் ஆறு வருசமா உங்க கம்பெனியில வேலை பாத்துச்சு" என்றான் பின்னாலேயே வந்திருந்த தப்ரேஸ்.

"உன்னிய எவன் கேட்டான்?"

லட்சுமணன் யோசித்தார். நாளை டிரெய்லர் ஏதாவது இடித்தால் இன்சூரன்ஸ்காரன் யாரைப் பிடிப்பான் என்பதுதான் யோசனை. ஒரு கடிதம் அடித்து நீட்டினார். எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

"எனக்குப் பார்வைக் குறை எதுவும் இல்லை, எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு போட்டுகிறேன். கையெய்த்துப் போட்டா யார்டு. இல்லேன்னா கேட்டு."

சித்தார்த் பூதக்கண்ணாடியை எடுத்து, விளக்கைப் போட்டு, வரி வரியாகப் படித்து முடித்தான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்தான். கோட்டைத் தேடி, துளையை அதன்மேல் பொருத்தி, பேனாவை ஓட்டினான்.

லட்சுமணன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எவ்ளோ நேரா போட்டுகிறான் பாரு" என்றார் பகலவனிடம்.

சித்தார்த் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொலைநோக்கியோடு மூன்றாம் அடுக்கைப் பார்க்கப் போனான்.