பிளாஸ்டிக் வளையல்

வளைகாப்பன்று காலை எட்டு மணிக்கு, திருச்சியில் தன் புகுந்த வீட்டில், யாழினி பீரோவைத் திறந்து, புடவை அடுக்குக்குப் பின்னால் கையை விட்டாள். மாத்திரை டப்பா அங்கே இல்லை. புடவைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுப் பார்த்தாள். ஏழு மாத வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். கூடத்தில் மணப்பாறையிலிருந்தும் எடமலைப்பட்டி புதூரிலிருந்தும் வந்து இறங்கியிருந்த சொந்தங்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன.

மாமியார் மட்டுவார்குழலி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஓரடி உள்ளே வைத்தவள் அதற்கு மேல் வரவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து மருமகளிடம் அவள் விட்டு வைத்திருக்கும் தூரம் அது.

“அதையா தேடுற? நேத்தே குப்பை வண்டியில போட்டுட்டேன். வீடு முழுக்க சனம். யாராவது பீரோவைத் திறந்து இது என்ன மாத்திரைன்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

“அத்தை, அதை ஒரு நாள்கூட விடக்கூடாது. புள்ளைக்கு வந்துடும்.”

“நீ சாயங்காலம் உங்கம்மாகூட மணப்பாறைக்குப் போறவ. அந்த ஊர்ல பாதிப் பேர் நமக்குத் தெரிஞ்சவங்க. அங்க டப்பாவும் கையுமா நின்னா மானம் கப்பலேறிடும். புள்ள பொறக்குற வரைக்கும் நிறுத்தி வையி. சுகப்பிரசவம் ஆகணும்னு தாயுமானவருக்கு வாழைத்தார் வேண்டிக்கிட்டிருக்கேன். அவர் பார்த்துக்குவார்.”

மலைக்கோட்டைத் தாயுமானவர் மேல் யாழினிக்கு ஒரு குறையும் கிடையாது. பிள்ளைத்தாச்சிக்குத் தாயாகவே வந்து நின்றவர் என்று ஊரே கும்பிடுகிற சாமி அவர். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வாழைத்தாரோடு வா என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அது மட்டுவார்குழலியே சாமிக்கும் சேர்த்து எடுத்த முடிவு.

“அவரோட டப்பாவிலிருந்து ஒண்ணு குடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான்.”

“அவனோடதுல கை வைக்காத,” என்றாள் மாமியார். “இது வெளியில வந்துதுன்னு வையி, நீதான் கொண்டாந்து என் புள்ளைக்குக் குடுத்தேன்னு உங்கம்மா முகத்துக்கு நேரா சொல்லுவேன். அது தாங்குமான்னு யோசிச்சுக்க.”

கதவு திறந்தது. வெளியே போன அடுத்த நொடியில் அவள் குரல் தேனாகிவிட்டது. “வாங்க வாங்க, காபி குடிச்சீங்களா?”

யாழினிக்கு வயிற்றைப் புரட்டியது. மசக்கை நான்காம் மாதத்தோடு போய்விட்டது. இந்தக் குமட்டல் அதிலே சேராது.

மூன்றாம் மாதம், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில்தான் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு அவள் கணவன் ஜெய்சங்கருக்கும் எடுத்தார்கள். அவன் துவாக்குடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அவனுக்கும் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற லிசி என்ற பெண், மாமியாரையும் சேர்த்து மூன்று பேரையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேசினாள்.

“நம்ம ரத்தத்துல காவலுக்குன்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்குங்க. இந்தக் கிருமி நேரா அதுக்குள்ளயே பூந்து, அதையே பட்டறையா வச்சுத் தன்னைப் பெருக்கிக்கும். காவல் குறையக் குறைய, மத்த நேரத்துல ஒண்ணும் செய்யாத நோயெல்லாம் உள்ள வரும். வாய்ப்புண்ணு, பேதி, டி.பி. எல்லாம் அப்படித்தான். அதுக்குப் பல வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஆள் நல்லாத்தான் இருப்பாங்க. மாத்திரை கிருமியை அடியோட அழிக்காது. ஆனா பெருகவிடாது. விடாம சாப்பிட்டா, டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சிடும். அப்ப பிள்ளைக்குப் போற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. பொறந்ததும் பிள்ளைக்கும் சொட்டு மருந்து குடுப்போம். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டா கிருமி முழிச்சுக்கும். அப்புறம் மருந்துக்கும் மசியாது.”

எப்படிப் பரவும் என்றும் சொன்னாள். பாதுகாப்பில்லாத உறவில், ரத்தத்தில், ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வதில், தாயிடமிருந்து பிள்ளைக்கு. எப்படிப் பரவாது என்பதை அதைவிட நீளமாகச் சொன்னாள். மட்டுவார்குழலி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கதாகாலட்சேபம் கேட்கிறவளைப் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் வேலை, ஒரு எவர்சில்வர் தட்டுக்கும் டம்ளருக்கும் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தது. அன்றிலிருந்து யாழினிக்கு அந்தத் தட்டு, அந்த டம்ளர். அவை அடுக்களைக்குள் வரக் கூடாது. கொல்லைக் குழாயடியில் பினாயில் புட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும். யாழினி குளித்துவிட்டு வந்தால் குளியலறைக்குப் பினாயில். உட்கார்ந்து எழுந்தால் நாற்காலிக்குப் பினாயில். சோறு வாயருகே போகும்போதெல்லாம் அந்த நாற்றமும் கூடவே போகும். முதல் சில வாரங்கள் அவளுக்கே அவள் உடம்பு பிடிக்கவில்லை. வயிற்றைத் தொடப் பயந்தாள். உள்ளே இருப்பதைத் தன் கை கெடுத்துவிடும் என்று தோன்றியது. லிசி ஒருநாள் திட்டிய பிறகுதான் தொட்டாள்.

சரி, பயந்தவள் பயப்படுகிறாள் என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி ஒன்று தினமும் கண் முன்னால் நடந்தது. அதே நோய் இருக்கிற மகனுக்கு மட்டுவார்குழலி தன் கையால் பிசைந்து ஊட்டினாள். அவன் சாப்பிட்டு மிச்சம் வைத்த சோற்றைத் தன் தட்டில் தள்ளிக்கொண்டு ருசித்துச் சாப்பிட்டாள். அவன் வாய் வைத்துக் குடித்த மோரின் மீதியை வீணாக்கக் கூடாது என்று குடித்தாள். குடித்த கையோடு கொல்லைக்குப் போய், மருமகள் டம்ளரை கரித்துணியால் பிடித்து எடுத்துக் கழுவினாள். மருமகள் எச்சில் விஷம், மகன் எச்சில் பிரசாதம். அவனுடைய மாத்திரை டப்பாவைப் பூஜை அலமாரியில் சமயபுரத்தாள் படத்துக்குப் பின்னால் வைத்து, தினமும் அதற்குத் திருநீறும் பூசினாள்.

ஜெய்சங்கரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாமென்றால் எதுவும் அகப்படவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வருஷமே அவன் நாக்கில் தயிர் படிந்தாற்போல வெள்ளை பூத்திருந்தது. உடம்புச் சூடு என்று அம்மா மணத்தக்காளிக் கீரை கடைந்து போட்டாள். இப்போது பரிசோதித்தபோது அவன் ரத்தத்தில் காவல் அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தன. யாழினிக்கு அப்படியொன்றும் குறையவில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்று தாங்கள் சொல்வதில்லை என்று சொன்ன லிசி, “உங்களுக்கு இது ரொம்ப வருஷமாவே உள்ள இருந்திருக்கும் சார்,” என்று அவனிடம் தனியாகச் சொன்னபோது யாழினி பக்கத்தில்தான் இருந்தாள். அவன் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. “இவ கொண்டு வந்த சீர்டா இது,” என்று அம்மா அழுதபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோயைக் கொடுத்ததையாவது தெரியாமல் செய்தான் என்று மன்னித்துவிடலாம். இந்த மௌனத்தை நினைத்தால்தான் யாழினிக்கு அவன் படுத்த தலையணையைத் தொடக்கூடக் கூசும்.

இப்போது அவனைத்தான் தேடிப் போனாள். மொட்டைமாடிப் படியில் நின்று சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

“அத்தை என் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டாங்க. உங்களோடதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

“பூஜை அலமாரி பூட்டியிருக்கு. சாவி அம்மா இடுப்புல இருக்கு. விசேஷம் முடியட்டும், பேசிக்கலாம்.”

“நீங்க போட்டுட்டீங்களா?”

“ம். காலையிலயே அம்மா எடுத்துக் குடுத்தாங்க.”

கீழே கூப்பிட்டார்கள்.

கூடத்தில் மணை போட்டு உட்கார வைத்தார்கள். மணப்பாறையிலிருந்து வந்திருந்த அம்மா ராக்கம்மாள், சின்னக் கடைவீதியில் நேற்று அலைந்து வாங்கிய பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களைத் தாம்பாளத்தில் பரப்பி முன்னால் வைத்தாள். மகளுக்கு என்ன வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. மகள் மெலிந்து போனதற்கு மசக்கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மட்டுவார்குழலி அந்தத் தாம்பாளத்தை மெதுவாக நகர்த்தி வைத்தாள். “கண்ணாடி வேண்டாம் சம்பந்தியம்மா. உடைஞ்சு கையில குத்திடும். நான் வேற வாங்கி வச்சிருக்கேன்.” அவள் பையிலிருந்து எடுத்தது கட்டுக்கட்டாகப் பிளாஸ்டிக் வளையல்.

வளைகாப்புக்கா பிளாஸ்டிக் என்று யாரோ முணுமுணுத்தார்கள். “மருமகளுக்கு ஒரு கீறல் விழக் கூடாதாம், அக்காவுக்கு எவ்வளவு பாசம் பாருங்க,” என்று உருகினாள் கலைமதி. மட்டுவார்குழலியின் தங்கை அவள். ராக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமியார் கிடைக்க என் மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

யாழினிக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடி உடைந்தால் ரத்தம் வரும். அந்த ரத்தத்துக்குப் பயந்து வாங்கிய பிளாஸ்டிக் அது.

சந்தனத்தை மட்டுவார்குழலி விரலால் தொட்டுப் பூசவில்லை. வெற்றிலை நுனியால் தொட்டு, கன்னத்தில் ஒற்றினாள். அது ஏதோ குடும்ப வழக்கம் என்று மற்றவர்களும் வெற்றிலையாலேயே ஒற்றினார்கள். சித்திரான்னம் கொடுக்கும் முறை வந்தபோது, யாழினிக்கு ஸ்பூனில் எட்ட நின்று நீட்டினாள். பிறகு ஆரத்திக்குக் கற்பூரம் வேண்டுமென்று இடுப்புச் சாவியால் பூஜை அலமாரியைத் திறந்தாள். அதைப் பூட்டாமலே திரும்பி வருகிற வழியில், வாசல் பக்கம் நின்ற மகனைப் பார்த்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. “புள்ள காலையிலிருந்து ஒண்ணும் திங்கல,” என்று சர்க்கரைப் பொங்கலை உருண்டை பிடித்து அவன் வாயில் ஊட்டினாள். உதட்டோரம் ஒட்டியதை விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

யாழினி அந்த விரலைப் பார்த்தாள். தன் கையில் ஏறியிருந்த, சத்தமே போடாத வளையல்களைப் பார்த்தாள். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பதற்காகத்தானே இந்தச் சடங்கு. வயிற்றில் பிள்ளை புரண்டது.

அவள் மணையை விட்டு எழுந்தாள். ஆரத்தி முடியாமல் எழக் கூடாது என்று யாரோ சொல்வதற்குள் பூஜை அலமாரிக்குப் போய், சமயபுரத்தாள் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, திருநீறு பூசிய டப்பாவை எடுத்தாள். ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். கீழே தயாராக இருந்த சொம்பை எடுத்து, வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள்.

“என்ன மாத்திரைம்மா அது?” என்றாள் ராக்கம்மாள்.

“எச்.ஐ.வி. மாத்திரைம்மா. எனக்கு இருக்கு. புள்ளைக்கு வராம இருக்க தினம் சாப்பிடணும். என்னோடதை அத்தை குப்பையில போட்டுட்டாங்க. அதனால அவரோடதுல ஒண்ணு எடுத்துக்கிட்டேன். அவருக்கும் இருக்கு. எனக்கு முன்னாடியிலிருந்தே இருக்கு.”

ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்தவள் அதைக் கீழே வைத்தாள். பிறகு பெண்கள் எழுந்தார்கள். யாழினியை விட்டு விலகுவார்கள் என்று அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். அவர்கள் ஜெய்சங்கரை விட்டும் விலகினார்கள். கலைமதி தன் மகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். ஒருத்தி வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். பொங்கல் தொண்டையில் சிக்கி இருமியவன் தண்ணீர் கேட்டபோது, டம்ளரைக் கையில் வைத்திருந்தவளே அதை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள். பழி தீர்ந்தது என்று யாழினிக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. அதைப் பார்க்கவும் அருவருப்பாகத்தான் இருந்தது.

மட்டுவார்குழலி ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன கலைமதி இப்படிப் பண்ற, படிச்சவதானே நீ. தொட்டா பரவாது. எச்சில்ல பரவாது. ஒரே தட்டுல சாப்பிட்டா பரவாது, ஒரே பாத்ரூம் போனா பரவாது, கொசு கடிச்சாகூடப் பரவாது. ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு தெளிவா சொன்னா. ரத்தத்துலயும் அந்த உறவுலயும்தான் பரவும். மாத்திரையை விடாம சாப்பிட்டா ஒண்ணுமே ஆகாது. என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.”

ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. லிசி சொன்ன அதே வரிசை. தெரியாமல் செய்கிறாள், பாவம், பழைய காலத்து மனுஷி என்று இத்தனை மாதமாக யாழினி தன்னைத் தானே சமாதானப்படுத்தி வந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பது உட்பட.

யாழினி கொல்லைக்குப் போனாள். பினாயில் புட்டிக்குப் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து வந்து, அடிப்பக்கத்துச் சிவப்புப் புள்ளி எல்லாருக்கும் தெரியும்படி மாமியாருக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப இது எதுக்கு அத்தை?”

மட்டுவார்குழலி மகனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெய்சங்கர் தரையைப் பார்த்தான்.

ராக்கம்மாள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு மகளைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்து, சந்தன ஈரத்தோடு இருந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். நகர்த்தி வைத்திருந்த தாம்பாளத்தை எட்டி இழுத்தாள். கண்ணாடி வளையல்களை மகள் கையில் ஏற்றத் தொடங்கினாள்.

“நாளைக்கு மாத்திரைக்கு என்ன பண்றது?”

“காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா குடுப்பாங்கம்மா.”

“சரி. இந்த வீட்டுல வேண்டாம், இன்னிக்கு ராத்திரி திருச்சியிலயே ஒரு லாட்ஜுல தங்கிடுவோம். அங்கிருந்து ரெண்டு பேரும் போவோம்,” என்றாள் ராக்கம்மாள், அடுத்த வளையலை எடுத்தபடி.