மூடி திறந்த ஐந்து பாட்டில்கள்

சனிக்கிழமை காலை பசியாறி முடித்ததும் ஐந்து கண்ணாடி டம்ளர்களைச் சமையலறைத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினேன். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த டம்ளர்கள்தான். ஒன்பதாவது மாடிக்கு லிஃப்ட் பழுதான நாளில் ஏறி வருகிற விருந்தாளி யார்? பாவம், டம்ளர்களும் எத்தனை வருடம்தான் சும்மா இருக்கும்.

திங்கட்கிழமை முதல் நானே கார் ஓட்டிக்கொண்டு பினாங்குப் பாலம் தாண்டி அக்கரையில் உள்ள பிறைக்கு வேலைக்குப் போயாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஆயர் ஈத்தாம் பாசார் முனையில் என்னை ஏற்றிக்கொண்ட ஃபேக்டரி பஸ் இனி தீவுக்குள் வராது என்று நிர்வாகம் கடிதம் ஒட்டிவிட்டது. போன வருடம் நாற்பத்தேழு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். மூன்றாவது முறைதான் பாஸ். சொல்லிக்கொடுத்தவர் எனக்குப் பெரிய கும்பிடு போட்டு அனுப்பினார். ஐந்து வருடமாகக் கீழே நிற்கும் எங்கள் பழைய கஞ்சில் காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பதும், சில மாதங்களாக இந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுவதும்தான் என் அனுபவம். பாலத்தில் ஓட்டுவதற்கு முன்னால் ஆயில் மாற்றிவிடுங்கள் என்று பட்டறைக்காரத் தம்பி பக்கிரிசாமி சொல்லியிருந்தார்.

"ஆயில் ஏன் வாங்கணும்? வீட்லயே இருக்கு லா" என்றார் என் கணவர் குணாளன்.

ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஐந்து. ஐந்தின் மூடியிலும் காய்ந்த சந்தனம், குங்குமம்.

மருந்துக் கம்பெனி வேன் ஓட்டியவர் குணாளன். இனிப்பு நீர் நோய் அவர் கண்ணைப் பிடித்தது. ஐந்து வருடத்துக்கு முன், ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். வருடா வருடம் பூஜைக்கு சாமி முன் ஒரு புது பாட்டில் ஆயில் வைப்பது அவர் பழக்கம். ஓட்டமுடியாமல் போன பிறகும் பாட்டில் வந்து உட்கார்ந்தது. பழைய பாட்டிலையே துடைத்து வைக்கிறார் என்று நான் இருந்துவிட்டேன். பூஜை நாளில் யார் தேதி பார்க்கிறார்கள்.

ஆனால் மற்ற நாட்களில் நான் பார்ப்பேன். பசை செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. தேதி தாண்டிய பீப்பாய் ஒன்றுகூட என்னைத் தாண்டிப் போனதில்லை.

"இது கெட்டுப்போயிருக்குமாங்க?"

"ஆயில் எங்கயாச்சும் கெடுமா? மண்ணுக்குள்ள கோடி வருஷம் கெடந்துச்சு. பாட்டில்ல அஞ்சு வருஷத்துல கெட்டுப்போயிருமா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மண்ணுக்குள் கிடந்தது வெறும் எண்ணெய். ஆயில் கம்பெனிக்காரன் அதில் கலந்த ரசாயனங்கள் கோடி வருடம் கிடந்தவை அல்லவே. அவை அடியில் தங்குமா, தங்காதா? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதே சமயம் பயமாகவும் இருந்தது. எண்ணெய் கெட்டுவிட்டது என்று நான் சொன்னால், இனி நீங்கள் ஓட்டப்போவதில்லை என்று அவர் காதில் விழும். ஐந்து வருடமாக அந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அதனால்தான் நான் ஓட்டும்போது அவர் ஒருமுறைகூடக் காரில் ஏறாததையும் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

முதல் பாட்டிலைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ஈயத்தாள் கிழிந்திருந்தது. ஐந்திலும் அப்படித்தான். புது ஆயிலில் முதல் சொட்டை விரலால் தொட்டுக் கார் மூக்கில் சந்தனத்துக்குப் பக்கத்தில் வைப்பார் அவர். அந்த ஒரு சொட்டுக்காகப் புது பாட்டில்கள் அத்தனையையும் திறந்து மூடியிருக்கிறார். திறந்த பாட்டில், துணி துவைக்கும் இடத்து ஈரம், பினாங்கு வெயில். சாமிக்கு வைத்தது என்று ஈரம் விட்டுவிடுமா?

பாட்டில் தேதிப்படி பழசை முதலில் வைத்திருந்தேன்; டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதல் டம்ளர் கலங்கல். பாட்டிலைக் கவிழ்த்தால் அடியிலிருந்து குழைத்த திருநீறு போல ஒன்று வழிந்தது. இரண்டாவது கொஞ்சம் மங்கல். மூன்றாவது இரண்டாவதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும் இல்லையா? இல்லை, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மோர் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. ஏன் என்று மூடியை எடுத்துப் பார்த்தேன். மரை ஏறாமல் கோணலாக மூடியிருந்த தடம். அந்த வருடம்தான் அவர் பார்வை மளமளவென்று இறங்கியது. நான்காவது மூடி நேராக, கெட்டியாக இருந்தது. ஐந்தாவதில் மூடியைச் சுற்றி டேப் வேறு, மூன்று சுற்று. கண் போனபின் கை கற்றுக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றார் கூடத்திலிருந்து.

"பக்கிரிசாமிகிட்டயே கேட்டுருவோங்க."

நான் பாட்டில்களோடு காரில் போனேன். "பக்கந்தானே, நடந்து வரேன்" என்று அவர் கைத்தடியோடு பின்னால் வந்தார்.

பக்கிரிசாமி ஒவ்வொன்றையும் வெள்ளைத் தட்டில் சொட்டிப் பார்த்தார். "தொறக்காம இருந்தா அஞ்சு வருஷம் தாங்கும், அண்ணே. தொறந்துட்டா காத்துல உள்ள தண்ணிய இழுத்துக்கும். பழசு நாலையும் எஞ்சின்ல ஊத்த வேணாம். இத ஊத்தலாம், நல்லா இருக்கு."

குணாளன் கையை நீட்டினார். மூன்றாவது பாட்டிலின் அடிக்கசடைப் பக்கிரிசாமி அவர் விரலில் வைத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடியும் தேய்த்தார்.

"ஆமா. கெட்டுப்போச்சு" என்றார். பிறகு, "நல்லா இருக்குன்னியே, அது எந்த வருஷத்துது?"

"போன வருஷம் வாங்குனதுங்க" என்றேன். கேட்கக்கூடாது என்று இருந்ததும் வாயில் வந்துவிட்டது. "ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சும் ஏங்க வாங்குனீங்க?"

அவர் கந்தல் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"வாங்காம விட்டா, முடியாதுன்னு நானே சொன்ன மாரி ஆயிரும் லா."

பக்கிரிசாமி தலையைக் காருக்கடியில் நுழைத்துக்கொண்டார். பழைய எண்ணெய் கறுப்பாக இறங்கி முடிந்தது. போன வருடத்து எண்ணெய் தேன் நிறத்தில் எஞ்சினுக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை குணாளன் காது கொடுத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

ஏறினேன். பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குணாளனின் கையில் அதன் நுனி பட்டது.

"இது என்னா?"

"தலவாணி."

"எதுக்கு?"

"கால் எட்டல."

சீட் அவர் காலுக்கு வைத்தபடி இருந்தது. அவர் என்னைவிட முக்கால் அடி உயரம். தள்ளிக்கொள்ள எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய இடம் அது, கை வரவில்லை.

அவர் கைத்தடியைக் காரில் சாய்த்தார். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். என் காலுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடினார். துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தார். கிறீச்சென்று சீட் என்னோடு சேர்ந்து ஒரு பல் முன்னால் நகர்ந்தது.

"எட்டுதா?"

"இன்னும் கொஞ்சம்."

தோளைச் சீட்டுக்கு முட்டுக்கொடுத்துத் தள்ளினார். அவர் நெற்றி என் முழங்கை மேல் இருந்தது, வியர்த்திருந்தது. நான் தலையணையை உருவிப் பின்சீட்டில் போட்டேன்.

"இப்ப?"

கிளட்ச் அடிவரை போனது. "எட்டுதுங்க" என்றேன். அவர் இன்னும் நெம்புகோலை விடவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் என் முழங்காலிலிருந்து பெடல் வரை மெல்ல அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.