கரியும் சுண்ணாம்பும்

என் வீட்டுக்காரர் தேவசிகாமணி வாத்தியார் நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரே இருப்பது கண்ணில் படாது. 1908-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தக் கோபம் ஒரு சின்னப் பிள்ளையின் மேல் போய் விழுந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஆதிச்சநல்லூர் பறம்பு மேட்டுக்குக் கூட்டிப் போனார். சரித்திரத்தைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தை மேற்பார்க்கும் பாளையங்கோட்டை வெள்ளைக்கார மிஸியம்மாள் சொல்லியிருந்தார்கள். கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். துரைமார் தோண்டிவிட்டுப் போன குழிகளில் பெரிய பெரிய தாழிகள் உடைந்து கிடந்தன. செத்தவர்களை இதில் வைத்துத்தான் புதைத்தார்கள் என்று இவர் சொன்னதும் பையன்களெல்லாம் என் சேலைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். சாலோமி என்ற பிள்ளை மட்டும் உடைந்த பானையின் கருப்பு ஓட்டுத்துண்டு ஒன்றின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அதில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், அவற்றின் கீழே சாய்ந்த கோடுகள்.

"ஏட்டி, எதையும் தொடக் கூடாது" என்று அதட்டினார் இவர். "எல்லாரும் நல்லாப் பாத்து மனசுல வச்சுக்கிடுங்க. பின்னால கேப்பேன்."

பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னவர், அதே ஓட்டைத் தம் மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்துக்கொண்டார். பின்னால் கேட்கவும் இல்லை.

சாலோமிக்கு எட்டு வயது. அந்த வருஷ ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தாள். அப்பன் இல்லை. தாய் இசக்கியம்மா வயல்வேலைக்காரி, அவள் பழைய சாமியை விடவில்லை. மகள் எவ்வளவு கூப்பிட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததில்லை. பண்டிகைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு அலங்காரம் செய்ய வேண்டும் என்று சொன்னபோது, சாலோமி என்னிடம் ஓடி வந்து, "எங்க ஆத்தா நான் செய்யுததைப் பாக்க வாரேன்னுட்டா" என்றாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மற்றப் பிள்ளைகள் குருத்தோலையும் வண்ணக் காகிதமும் கொண்டுவந்தார்கள். காகிதம் வாங்க வழியில்லாத சாலோமி விடியும் முன்னே வந்து, கரியைச் சாணியோடு குழைத்துப் பள்ளிக்கூட வாசலை மெழுகி, அது காய்ந்ததும் சுண்ணாம்பில் துணியை முக்கிப் புள்ளியும் கோடுமாக எழுதியிருந்தாள்.

இவர் கையில் காகித நட்சத்திரத்தோடு வந்தார். வாசலைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எங்கள் சபையார் வீட்டு வாசலில் கோலம் விழாது. அதை வைத்தே எங்கள் வீடு எது, பழைய சாமி கும்பிடுகிறவர்கள் வீடு எது என்று சொல்லிவிடலாம்.

"கர்த்தருடைய பள்ளிக்கூடத்துல கோலமா? நாளைக்கு மிஸியம்மா வந்தா நான் எங்கன கொண்டுபோய் மூஞ்சியை வைப்பேன்?"

"இல்லய்யா, அது வந்து..."

"வாயை மூடுட்டி. ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள ஆத்தா புத்தி வந்துட்டு. உன் கையாலயே அழி."

பூவரச மரத்தடியில் வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு இசக்கியம்மா நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. திரும்பி நடந்தாள்.

நான் பசைச் சட்டியோடு வந்தபோது சாலோமி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கருப்புத் தண்ணீராக ஓடியது.

"கோலத்துக்குக் கரி எதுக்குட்டி?"

"அந்த ஓடு கருப்பாத்தானம்மா இருந்துச்சு. அய்யாதான் மனசுல வச்சுக்கிடச் சொன்னாக."

ஓடு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி, மேசைமேல் இருந்த ஓட்டை எடுத்துவந்து இவர் கையில் வைத்தேன். "தினமும் இதைத் தொட்டுத்தானே எழுதுதீக. ஒருநாளாவது பாத்தீகளா?" என்று கேட்டேன். புள்ளிகளைப் பார்த்தவர் வாசலில் அழிந்துபோன இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் சாரா" என்றார். மத்தியானச் சோறுகூடத் தின்னாமல் சாலோமியின் குடிசைக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். நடந்ததைச் சொல்லி, இசக்கியம்மாவிடம் மன்னிப்பும் கேட்டார்.

"நீங்க பெரியவுக. சொல்லலாம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இவர் ஓட்டைச் சாலோமியின் கையில் கொடுத்தார். "நாளைக்கு இதையே மறுபடியும் போடு தாயி. மிஸியம்மாகிட்ட நானே சொல்லுதேன்." அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து மிஸியம்மாளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். பூவரச மரத்தடியில் யாரும் இல்லை. வாசலில் கரி மெழுகியிருந்தது. அதன் நடுவில் சுண்ணாம்பில் ஒரு நட்சத்திரம். மேலே தொங்கிய காகித நட்சத்திரத்தைப் பார்த்து அப்படியே சாலோமி எழுதியிருந்தாள். மிஸியம்மாள் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். கொடுத்த ஓட்டை அவள் பள்ளிக்கூடத்தில் இவர் மேசைமேல் திருப்பி வைத்திருந்தாள்.

இவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அந்தப் புள்ளியெல்லாம் எங்க தாயி?" என்று மெல்லக் கேட்டார்.

சாலோமி கரிபடிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுன்னா அழிக்கச் சொல்ல மாட்டீகல்லா, அய்யா?"