பாதியில் அறுந்த ரிப்போர்ட்டுகள்

தனகோடிமீது பூர்ணிமாவுக்குச் சந்தேகம் விழுந்தது திங்கட்கிழமை. ஆம்பூரில் அந்தத் தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தணிக்கைக்கு வருகிறார்கள். எந்தத் தோலின் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டாலும் தேடியவுடன் திரையில் வந்து நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பிரிவும் தன் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடல் சர்வருக்கு அனுப்பியது. நாலாயிரம் ஏறிவிட்டது. லேப் தனகோடி அனுப்பியதில் மட்டும் அறுபத்திரண்டு ஏறவில்லை. பாதி போகும், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வரும்.

எல்லாருக்கும் ஒரே லைன். இவருக்கு மட்டும் என்ன கேடு? அதிலும் அவருடைய ஒற்றைப் பக்க ரிப்போர்ட்டுகள் சமர்த்தாக ஏறின. விவரமான, பத்துப் பக்க ரிப்போர்ட்டுகள்தான் அறுந்தன. யாரோ பொறுக்கி எடுத்து அறுத்தது போலிருந்தது. போதாததற்கு எதிரே பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வேறு.

"இன்னா மேடம், இன்னும் ஏறலையா? பீரோல பேப்பர் பத்திரமா இருக்குது. அத்தக் காட்டிட்டா போச்சு."

பீரோவைக் காட்டுகிறவர் கம்ப்யூட்டரில் எதை மறைக்கிறார்? செவ்வாயன்று அவர் மேஜைக்கடியில் குனிவதைப் பார்த்துவிட்டாள். கேபிள் இருப்பது அங்கேதான். கேட்டால் செருப்பு தேடினாராம். யாரிடம் கதை விடுகிறார்!

புதன்கிழமை காலை மேனேஜர் செந்தில்குமாரிடம் சொல்லியேவிட்டாள். "லைன்ல ஒண்ணும் இல்ல சார். அவரு வேணும்னே கட் பண்றாரு."

மேனேஜர் தனகோடியைக் கூப்பிட்டு லேப் சாவியை வாங்கிக்கொண்டு, தணிக்கை முடிந்ததும் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். இருபத்தோரு வருஷமாக அவரிடம் இருந்த சாவி. அவர் ஒரு வார்த்தை பேசாமல் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பேசாததே பூர்ணிமாவுக்குச் சாட்சியாகப் பட்டது. அந்த அறுபத்திரண்டையும் பென்டிரைவில் எடுத்துவந்து தன் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினாள். பாதியில் அறுந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி அறுந்தது. இங்கே மேஜைக்கடியில் குனிய யாருமில்லை.

ஒரு ஃபைலைத் திறந்தாள். பரிசோதித்த தோலில் ஒரு துண்டை ரிப்போர்ட்டிலேயே ஒட்டிவைப்பது இங்கே வழக்கம். மற்றவர்கள் துண்டைப் பிய்த்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தார்கள். தனகோடி பக்கத்துக்குப் பக்கம் துண்டோடு, முழு நிறத்தில், உச்சத் தரத்தில் செய்திருந்தார். தேன் நிறமும் காபி நிறமும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஃபைல் ஒவ்வொன்றும் எண்பது எம்.பி.

அப்புறம்தான் சர்வரின் பதிவுகளைப் பார்த்தாள். காரணத்தை அது திங்கட்கிழமையே எழுதிவைத்திருந்தது: ஐம்பது எம்.பி.க்கு மேல் இருப்பதால் மீதியை வாங்காமல் இணைப்பை மூடியாயிற்று. அந்த ஐம்பதை வரம்பாக வைத்த வரிக்குப் பக்கத்திலேயே வைத்தவர் பெயரும் இருந்தது. பூர்ணிமா. போன வருஷம் டிஸ்க் நிரம்பியபோது வைத்தது, சுத்தமாக மறந்துபோனாள்.

"கட் பண்ணது நான்தான் சார்," என்று மேனேஜரிடம் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தனகோடி சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மூணு நாளா என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தீங்களே மேடம். அந்த ஃபைல ஒருவாட்டி தொறந்து பாத்திருக்கலாம்ல?"

வரம்பை உயர்த்தியதும் அறுபத்திரண்டும் சாயங்காலத்துக்குள் ஏறிவிட்டன. இப்போதெல்லாம் எதிரே பார்த்தால் தனகோடி வணக்கம் வைக்கிறார். சிரிப்பதில்லை.