துணி தூங்குது

பெரிய டீச்சர் மேஜைமேல் நாலு அட்டைகளைப் பரப்பி, சிவப்பு அட்டையில் விரலை வைத்தார்.

"இது என்ன கலர் பாப்பா?"

நாலு வயதுப் பஞ்சு வாயைத் திறக்கவில்லை. வலது கட்டைவிரலால் இடது மணிக்கட்டைத் தொட்டாள். அவளுடைய அம்மா நெட்டைக்கு மட்டும் அது புரிந்தது. ரத்தக்கறை படிந்த விரிப்பு வந்தால் சலவைக்கூடத்தில் இப்படித்தான் காட்டுவார்கள். தனி மூட்டை, தனித் தண்ணீர் என்று அர்த்தம்.

"சொல்றா டீச்சர். கையால சொல்றா. சிவப்புங்கறா."

"வாயால சொல்லணும்மா."

"சொல்லு கண்ணு. வீட்ல சொல்லுவியே."

பஞ்சு அம்மாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"விரல் சூப்புற பழக்கம் இருக்கா?"

"அய்யோ, இல்லங்க டீச்சர்."

டீச்சர் கெட்டவர் இல்லை. அரைமணி நேரம் பொறுமையாகத்தான் பார்த்தார். பஞ்சு கட்டைகளை உயரவாரியாக அடுக்கினாள், செருப்பை இடம் வலம் மாற்றாமல் போட்டாள், பத்து பொத்தானை எண்ணி டப்பாவில் போட்டாள். அந்த அரைமணியில் இருமல் சத்தம்கூட அவளிடமிருந்து வரவில்லை.

"புத்தி நல்லா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல" என்றார் டீச்சர். "ஆனா எனக்கு இந்த வகுப்புல முப்பத்திரண்டு பிள்ளைங்க. நானும் ஒரு ஆயாவும்தான். விழுந்தா கத்தணும், ஒண்ணுக்கு வந்தா கேட்கணும். எத்தனை கையைத்தான் நான் பார்க்கிறது? இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் பக்குவம் வரலம்மா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வருஷம். நெட்டைக்கு அடுத்த வாரமே இல்லை.

அவள் வேலை செய்வது ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் கூடத்தில். ஆள் உயர டிரம் ஆறு. அதற்கு அப்பால் நீராவியில் கொதிக்கும் தேய்ப்பு உருளைகள். எல்லாம் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே வாய்க்கு வேலை இல்லை, கைதான் பேசும். ரெண்டு விரலை நீட்டினால் ஒதுங்கப் போகணும். முஷ்டியால் நெஞ்சில் குத்திக்கொண்டால் மெஷினை நிறுத்து. உள்ளங்கையைத் தலையில் வைத்தால் ஊசி வருகிறார். ஊசி என்பது சூப்பர்வைசருக்கு அவர்கள் வைத்த பெயர். ஆளும் அப்படி, பேச்சும் அப்படி.

புருஷன் கதை ரெண்டே வார்த்தை. வந்தான், போனான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாதி இல்லை. வெளுத்த விரிப்பு ஏற்றும் தள்ளுவண்டிக்குள் பஞ்சை உட்காரவைத்து, மேலே ஒரு விரிப்பைப் போட்டு ரெண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். டிரம் ஓடும்போது குழந்தை கத்தினால் யாருக்கும் கேட்காது. டிரம் நிற்கும் நேரம்தான் ஆபத்து. ஒரு தும்மல் போதும், மாட்டிக்கொள்ள. அதனால் முதல் வாரமே அவள் குழந்தையிடம் ஒரு கதை கட்டிவிட்டாள்.

"வெள்ளைத் துணியெல்லாம் தூங்குது தங்கம். சத்தம் போட்டா முழிச்சுக்கும். துணி முழிச்சா அம்மா வேலை போயிரும்."

ரெண்டு வயதில் சொன்னது. பஞ்சு அதற்குப் பிறகு வீட்டில்கூடக் காதோடு காதாகத்தான் பேசினாள். ரகசியம் சொல்வதுபோல, "அம்மா, சோறு சுடுது." நெட்டைக்கு அது செல்லமாகத்தான் இருந்தது. கூடத்துப் பெண்களும் மெச்சினார்கள். பிள்ளைன்னா இப்படி இருக்கணும், இருக்கிற இடம் தெரியல.

அந்த மெச்சுதலுக்குப் போன வாரம் பதில் கிடைத்தது. வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி அழுக்குத் துணி என்று நினைத்து அந்தத் தள்ளுவண்டியை டிரம் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வண்டியைச் சாய்த்து, மேல் விரிப்பை உள்ளே இழுத்தும் போட்டுவிட்டாள். அடுத்த இழுப்புக்குக் கை நீட்டியபோதுதான் எதிர் வரிசையில் நின்ற ஸ்பீக்கர் அக்கா துணிக்கு நடுவில் ஒரு சின்னப் பாதத்தைப் பார்த்தாள். முஷ்டியால் நெஞ்சில் குத்திக்கொண்டே ஓடினாள். பஞ்சு கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். கத்தவில்லை.

அன்றைக்கு ஊசி நெட்டையைக் கூப்பிட்டு, "இத்தனை நாள் எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? கண்டும் காணாம விட்டேன். இனி முடியாது. அடுத்த வாரம் பூரா லீவு எடுத்துக்கோ, அதுக்கு அடுத்த திங்கள்லேர்ந்து நீ மட்டும் வா. இல்லன்னா வராதே" என்றார்.

அதுதான் இந்தத் திங்கள்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் நிற்பதன் கதை. நெட்டை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வேலை போயிரும் டீச்சர்."

"உங்க வேலைக்காகச் சேர்க்க முடியுமாம்மா? பிள்ளைக்காகத்தான் சேர்க்கணும்."

அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மேஜையை விடவில்லை. டீச்சர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். கொதிநீரும் சோடாவும் தின்று நகம் வெளுத்துப்போன விரல்கள்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. எனக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை பேசட்டும். அதுக்கு மேல என்கிட்ட கேட்காதீங்க."

ஒரு வார்த்தை. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பொம்மை வாங்கித் தருகிறேன் என்றாள். பஞ்சு காதில் வந்து, "என்ன பொம்மை?" என்றாள். சத்தமா கேளு என்றால் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை வேலை விட்டதும் ஸ்பீக்கர் அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எட்டு மணி நேரம் வாயைக் கட்டிவைத்திருந்ததற்கு வட்டியும் முதலுமாகத் தெருவில் பேசித் தீர்ப்பவள் அவள். மூவரும் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் காலி மனைக்குப் போனார்கள்.

"இங்க பாருடி பஞ்சு, அத்தை எப்படிக் கத்துறேன்னு. டேய் ஊசீ! உனக்கு வயித்தால போக!"

அந்தப் பக்கம் சைக்கிளில் போன ஒருவர் திடுக்கிட்டுக் காலை ஊன்றினார்.

"உங்களை இல்ல அண்ணே, நீங்க போங்க!"

பஞ்சு சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் மட்டும் இல்லை. டிவியில் ஒலியைக் குறைத்துவிட்ட மாதிரி.

அக்காவின் முகத்தில் விளையாட்டு அணைந்தது. "ஏய் நெட்டை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. நீ இதுக்கு அழக்கூடச் சொல்லித்தரலையேடி."

"நான் என்னக்கா பண்ணுவேன்? நீயும்தானே அன்னிக்கு நல்ல பிள்ளை, நல்ல பிள்ளைன்னு கன்னத்தைக் கிள்ளினே?"

"கிள்ளினேன்தான். எனக்கு அறிவு இருந்தா அந்தக் கூடத்துல பதினெட்டு வருஷம் கிடப்பேனா?"

வியாழக்கிழமை சாயங்காலம் நெட்டை குழந்தையை அறைந்துவிட்டாள். முதலில் கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள், பிறகு கை தானாகப் போனது. "பேசித் தொலையேன்! அம்மான்னு ஒரு தடவை கத்தேன்! உன் வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" பஞ்சின் கன்னத்தில் நாலு விரலும் எழும்பின. வாய் அகலத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் கொட்டியது. மூச்சு மட்டும் வந்தது. நெட்டை அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். டிரம் வாசலில் கிடந்தபோதும் இந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பிள்ளையை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு அவள்தான் சத்தம் போட்டு அழுதாள். பஞ்சு பதறிப்போய் அம்மாவின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் நெட்டையை எதிரே உட்கார விடவில்லை. "உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்து பயப்படுறா. பின்னால நில்லுங்க." அதனால் அன்றைக்குத்தான் குழந்தை பார்க்கும் பக்கத்தை அவளும் பார்த்தாள்.

"இது என்ன கலர் பாப்பா?"

சுவரோரம் கதவில்லாத அலமாரி. பிள்ளைகள் மத்தியானம் படுக்கும் விரிப்புகள் அதில் அடுக்கியிருந்தன. எல்லாம் வெள்ளை. யாரோ அவசரத்தில் மடித்தவை, விளிம்புக்கு விளிம்பு சேரவில்லை. தொழில்காரிக்கு முதலில் அந்தக் கோணல்தான் கண்ணில் பட்டது. பஞ்சு அலமாரியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், விரலை உதட்டில் வைத்தாள்.

நெட்டைக்கு அப்போதுதான் புரிந்தது. குழந்தை விரல் சூப்பவில்லை. டீச்சரை எச்சரிக்கிறாள்.

"பாப்பா? சொல்ல மாட்டியா?" டீச்சர் அட்டையைக் கீழே வைத்தார். "சரிம்மா. நானும் பார்த்துட்டேன்..."

நெட்டை அலமாரிக்குப் போய் அடுக்கோடு விரிப்புகளைப் பிடித்து இழுத்தாள். ஒன்றை எடுத்து ரெண்டு முனையையும் பிடித்து உதறினாள். சாட்டை சொடுக்கியது மாதிரி அறை அதிர்ந்தது. அடுத்ததை உதறினாள். அதற்கடுத்ததை.

"என்னம்மா பண்றீங்க! ஏய், ஆயா!"

"முழிச்சிருச்சு பஞ்சு! பாரு, எல்லாத் துணியும் முழிச்சிருச்சு! இனி தூங்காது, எந்தத் துணியும் தூங்காது! நீ பேசலாம்டி!"

பஞ்சு நாற்காலியிலிருந்து இறங்கினாள். தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தாள். அவளுடைய உதடு கோணியது.

"அம்மா! வேலை போயிருமா?"

கரகரத்த, தடித்த குரல். அளவு தெரியாமல் வந்தது. பக்கத்து வகுப்பில் பாட்டு நின்றது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு நெட்டை தன் மகளின் முழுக்குரலைக் கேட்டது அப்போதுதான்.  உதறின விரிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

டீச்சர் எழுந்த வாக்கில் நின்றுவிட்டார். "என்ன சொல்றீங்க? துணி தூங்குதா?"

நெட்டை சொன்னாள். தள்ளுவண்டியைச் சொன்னாள், கதையைச் சொன்னாள், டிரம் வாசலைச் சொன்னாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.  டீச்சர் பஞ்சின் உயரத்துக்குக் குனிந்து மறுபடி அந்த அட்டையைக் காட்டினார்.

"சிவப்பு!" பஞ்சு கத்தினாள். "ரத்தத் துணி! தனியாப் போடணும்!"

டீச்சர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு மாசம் பார்க்கிறேன்" என்றார். "உண்மையைச் சொல்லணும்னா இவளுக்கு இன்னும் பக்குவம் வரல. விழுந்தா கத்துவாளான்னு எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல. ஆனா நீங்க வச்சிருக்கிற இடத்துக்கு இது தேவலாம். முடியலன்னா திருப்பி அனுப்பிடுவேன், அப்போ வந்து மேஜையைப் பிடிக்கக் கூடாது."

"பிடிக்க மாட்டேன் டீச்சர்."

கிளம்பும் முன் அவள் தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினாள். டீச்சர் ஆயா பார்த்துக்கொள்வாள் என்றார். "இல்லங்க, இந்த மடிப்பைப் பார்த்துட்டு என்னால போக முடியாது" என்றாள் நெட்டை. பஞ்சு பழக்கப்படி எதிர்ப்பக்கத்து ரெண்டு முனையையும் பிடித்துக்கொண்டாள்.

தெருவில் பஞ்சு மறுபடி கேட்டாள். "அம்மா! வேலை போயிருமா?" போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டையின் விரல் தானாகக் குழந்தையின் உதட்டுக்குப் போய்விட்டது. சூடு பட்டவள்போல இழுத்துக்கொண்டாள்.

"போகாதுடி. நீ கத்து. விழுந்தா கத்தணும், யாராச்சும் தள்ளினா கத்தணும். தெரிஞ்சுதா?"

"துணி முழிச்சுக்குமே?"

"முழிக்கட்டும்."

பஞ்சு நம்பின மாதிரி தெரியவில்லை.

திங்கள்கிழமை பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தன. பஞ்சு அழவில்லை. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் திரும்பிப் பார்த்து ரெண்டு விரலை நீட்டினாள். ஆயா பார்க்கவில்லை. நெட்டை "பாத்ரூம்! அவளுக்குப் பாத்ரூம் போகணும்!" என்று கத்தினாள். அத்தனை அழுகைக்கு நடுவில் அது எங்கே எடுபடும்? கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் ஆறு டிரம்மும் ஓடின. தள்ளுவண்டியில் இப்போது வெறும் விரிப்புகள். நெட்டை உருளைக்குள் ஒன்றைக் கொடுத்தாள், அடுத்ததைக் கொடுத்தாள். ரெண்டு வருஷமாக நிமிர்ந்தால் பஞ்சின் கை தெரியும். பசி, தண்ணீர், ஒண்ணுக்கு, எல்லாம் ஒரு பார்வையில் முடிந்துவிடும். இப்போது பிள்ளை ரெண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கத்தினால்தான் உண்டு. கத்தினாலும் இங்கே கேட்காது.

அவள் முஷ்டியால் நெஞ்சில் குத்திக்கொண்டாள்.

எதிர் வரிசையில் ஸ்பீக்கர் அக்கா பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது, டிரம்கள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி? கை மாட்டிக்கிச்சா?"

நெட்டை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழாயில் நீராவி சொட்டும் ஓசை. வெளியே ஏதோ லாரி.

"ஒண்ணுமில்லக்கா. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

 வாசல் பக்கம் பார்த்த ஸ்பீக்கர் அக்கா உள்ளங்கையைத் தலையில் வைத்தாள், ஊசி வருகிறார். நெட்டை போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.