பழைய ஜீப்பின் டேங்க்

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையோரம் வண்டிகளுக்கு எரிபொருள் டேங்க் கட்டித் தருகிற கண்ணுசாமிக்கு மூக்கு செத்து நாலு வருஷம் ஆகிறது. கொரோனாக் காய்ச்சலில் போன வாசனை திரும்பி வரவே இல்லை. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெண்டாட்டி பூவாத்தாளிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

சொல்லிவிட்டு எப்படிப் பிழைப்பது? தகட்டை வளைத்து, உள்ளே தடுப்பு வைத்து வெல்டிங் அடிக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பழைய வண்டிக்கு மூடி உட்காரும் கழுத்து எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய டேங்க்கிலிருந்து வெட்டி எடுத்துத்தான் புதியதில் வைக்க வேண்டும். உள்ளே ஆவி மிச்சமிருந்தால் ஒரு பொறி போதும், டேங்க்கும் போகும், ஆளும் போவான். அதனால் சோடா உப்பு போட்ட வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து, கடைசியில் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுசாமி மோந்துவிட்டுத் தலையாட்டினால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சுக் கிடையாது.

மூக்கு போன பிறகும் அவர் மோந்துகொண்டுதான் இருந்தார். வருவதெல்லாம் டீசல் டேங்க். டீசல் சட்டென்று பற்றாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மூன்று கழுவல், ஒரு பகல் வெயில் என்று வைத்துக்கொண்டு, சும்மாவாவது குனிந்து எழுந்து தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் அவரைத் தின்றது. சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது. மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்று பூவாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

நாமகிரிப்பேட்டை பாலசுந்தரத்தின் ஜீப் டேங்க் அப்படியொரு அலுப்பான வாரத்தில் வந்து சேர்ந்தது. மஞ்சள் மூட்டை ஏற்றுகிற பழைய ஜீப். டேங்க்கின் அடித்தகடு துருவேறி அங்கங்கே கசிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் உள்ளே இருந்ததை வடித்துவிட்டு டேங்க்கை மட்டும் கழற்றி அனுப்பியிருந்தார். இந்தப் பக்கத்தில் ஓடுகிற பழைய ஜீப்பெல்லாம் என்றைக்கோ டீசல் இன்ஜினுக்கு மாறியவை. இதையும் அப்படித்தான் கண்ணுசாமி எடுத்துக்கொண்டார். மூன்று கழுவல், ஒரு பகல் வெயில்.

மறுநாள் காலை புது டேங்க் முடிந்துவிட்டது. சோப்பு நுரை தடவிக் காற்றடித்துப் பார்த்ததில் ஒரு குமிழிகூட வரவில்லை. கழுத்துதான் பாக்கி. பழைய டேங்க்கின் வாயில் மூக்கை வைத்தார், கண்ணை மூடினார், தலையாட்டினார். அது ஆடாமல் இருக்க எப்போதும்போலப் பூவாத்தாள் அதன் மேல் காலை ஊன்றிக்கொண்டாள். அவர் தகடு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் பாலசுந்தரம் உள்ளே வந்தார். புது டேங்க்கைத் தட்டிப் பார்த்தார்.

"அம்சமா வந்திருக்குதுங்ணா. எல்லாரும் டீசலுக்கு மாத்து மாத்துன்னாங்க. எங்கப்பாரு கேக்கவே இல்லீங்க. பெட்ரோல்லயேதான் ஓட்டுனாரு, நானும் அப்படியே ஓட்டிட்டிருக்கறன்."

கண்ணுசாமியின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அதை எடுப்பதற்கே பயமாக இருந்தது. மெதுவாக எடுத்தார்.

"பூவாத்தா, காலை எடு. அக்கட்டால போ."

"ஏனுங்க?"

"போன்னா போ புள்ள!"

மூவரும் வெளியே வந்தார்கள். பூவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அதானுங்க, எனக்கு லேசா பெட்ரோல் வாசம் வந்துச்சு."

"வந்துச்சா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் மோந்துட்டுத் தலையாட்டுனீங்களே. உங்க மூக்குக்கு மேல எம்மூக்கான்னு உட்டுட்டேனுங்க."

கண்ணுசாமி அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். பாலசுந்தரம் கேட்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வாசமே தெரியாது பூவாத்தா. கொரோனாவுல போனது."

அவள் குரல் ஏறியது. "நாலு வருசமா நானு அது மேல காலை வெச்சு நின்னிருக்கறேன்."

"ஆமா."

"கொழம்பு மணமா இருக்குதுன்னு சொன்னதெல்லாம்?"

"உப்பு ஒறப்புத் தெரியும். மத்ததெல்லாம் பொய்."

பாலசுந்தரம் தொண்டையைக் கனைத்தார். "அவசரமில்லீங்ணா. மொள்ளச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். ஊர் முழுக்கச் சொல்லுவார் என்று கண்ணுசாமிக்குத் தெரியும். சொல்லட்டும் என்று இருந்தது. மறைக்க இனி அவருக்குத் தெம்பில்லை.

அன்று பகலெல்லாம் அவர் வெந்நீர் சுமந்து ஊற்றினார். ஒவ்வொரு கழுவலுக்கும் பூவாத்தாள் குனிந்து மோந்தாள். "இருக்குதுங்க" என்பாள். அதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. மறுநாளும் இரண்டு கழுவல், வெயில். சாயங்காலம் வெகுநேரம் மூக்கை வைத்திருந்துவிட்டு, "இல்லீங்க" என்றாள்.

கண்ணுசாமி அடித்தகட்டின் கசிவுகளில் சோப்பை அப்பி அடைத்துவிட்டு, ஆவிக்கு இடமில்லாமல் கழுத்தளவு தண்ணீரை நிரப்பினார். டேங்க்கை இரும்புச் சட்டத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார்.

"நீ வெளிய போயி நில்லு" என்றார்.

அவள் வந்து காலைத் தூக்கி டேங்க் மேல் ஊன்றினாள்.

"மோந்து பாத்தது நானுங்க. வெட்டுங்க."